பாடச் சொல்லா, அன்றாடச் சொல்லா: ஏஏசி மாணவருக்கு எதைத் தொட்டுக் காட்டிப் பேசுவது?

அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில் நீர்ச் சுழற்சி. பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி 9 புதுச் சொற்கள் போட்டிருக்கிறார்கள். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு, நிலத்தடி நீர் என்று போகிறது பட்டியல். வகுப்பில் பேச்சு வராத மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் முன்னால் ஒரு டேப்லெட், அதில் படங்களோடு சொற்கள். அவள் தொட்டால் அது பேசும். அந்த 9 சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆசிரியர் கையில் இருப்பதோ ஒரு மாலை நேரம்தான். 9 பட்டன்களையும் உட்கார்ந்து சேர்ப்பதா? இருக்கிற 'போ', 'மேலே', 'திரும்ப' போன்ற சொற்களை வைத்தே பாடத்தை நடத்திவிடுவதா? இரண்டுக்கும் நடுவில் வேறு வழி உண்டா? இந்தக் கட்டுரை அந்த ஒரு மாலைக்காக.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். பேச்சுக்குத் துணையாகவோ பேச்சுக்குப் பதிலாகவோ ஒருவர் பயன்படுத்தும் எல்லா வழிகளையும் சேர்த்து ஏஏசி என்கிறோம். சைகை, படப் பலகை, எழுத்துப் பலகை, பேசும் செயலி எல்லாம் இதில் அடங்கும். மாடலிங் என்பது நாம் வாயால் பேசிக்கொண்டே அந்த மாணவருடைய பலகையில் முக்கியமான சொற்களைத் தொட்டுக் காட்டுவது. மாணவரைத் தொடச் சொல்வது மாடலிங் ஆகாது. கையைப் பிடித்து அழுத்த வைப்பது நிச்சயமாக ஆகாது. நாம் பேசுகிறோம், அவர் பார்க்கிறார், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் கேரல் கூசன்ஸ், ஷாரன் கிரெய்ன், பமேலா எல்டர் ஆகிய மூவரும் இதை வகுப்பறையில் செய்யக்கூடிய ஒரு முறையாக எழுதி வைத்தார்கள். பெயர்கள் பலவாகப் பெருகிவிட்டாலும் செய்முறையின் மூலம் அதுதான்.

நேரக் கணக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பேசப்போகும் குழந்தை பிறந்தது முதல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தன்னைச் சுற்றிப் பேச்சைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வயது ஆகும்போது 4,380 மணி நேரம் கேட்டிருக்கும். அந்த வயதை ஒட்டித்தான் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவே தொடங்குகிறார்கள். படங்களைத் தொட்டுப் பேச வேண்டிய குழந்தைக்கு, அப்படித் தொட்டுப் பேசும் பெரியவர்களைப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது? வாரத்துக்கு இரண்டு அரை மணி நேரத் தெரபி வகுப்புகளில் மட்டும் என்றால் வருடத்துக்கு 52 மணி நேரம். 4,380ஐ எட்ட 84 வருடம் ஆகும். ஏஏசி பயிற்சிகளில் ஜேன் கோர்ஸ்டன் என்ற ஸ்பீச் தெரபிஸ்டின் பெயரோடு இந்தக் கணக்கு அடிக்கடி வரும். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எந்தச் சொல் என்ற கேள்வியை நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன். நாம் தொட்டுக் காட்டும் தடவைகள் எப்போதும் பற்றாக்குறைதான். அதனால் ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்று நான் தொட்டுக் காட்டும் சொல், இந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை இடங்களில் திரும்ப வந்து உதவும்?

வழி ஒன்று: பாடச் சொற்கள் எல்லாவற்றையும் சேர்ப்பது

வகுப்பாசிரியர்களுக்கு இயல்பாகத் தோன்றுவது இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் சொல்லும் சொல் அவளிடமும் இருக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். மேகம், ஆறு, கடல் போன்றவற்றுக்குப் படம் போடுவதும் எளிது, பார்த்தவுடன் புரியும். மாடலிங் பழக்கமே இல்லாத ஆசிரியர்கூட 'மேகம்' என்று சொல்லும்போது மேகத்தைத் தொட்டுவிடுவார். தயக்கம் இல்லாமல் தொடங்கிவிடலாம்.

இது வேலை செய்யும் என்பதற்கு ஆய்வும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஷகிலா தாதா, எர்னா அலன்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சு மிகக் குறைவாக இருந்த 4 பிள்ளைகளுக்கு மூன்று வாரம், மூன்று செயல்பாடுகளின் ஊடே 24 சொற்களைத் தொட்டுக் காட்டிப் பேசினார்கள். நால்வருமே அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். ஆக, ஒரு செயல்பாட்டுக்கென்று தேர்ந்தெடுத்த சொற்களைத் தொடர்ந்து காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சிக்கல் பாடம் முடிந்த பிறகுதான் வருகிறது. நீர்ச் சுழற்சி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் 'ஆவி சுருங்குதல்' பட்டனை அவள் எதற்குத் தொடுவாள்? நான் இதைச் செய்து பார்த்தவள். ஒரு பையனுக்குப் பாடத்துக்குப் பாடம் புதுப் பக்கம் தயாரித்தேன். வருடக் கடைசியில் அவன் டேப்லெட்டில் எரிமலை இருந்தது, மகரந்தம் இருந்தது, நாடாளுமன்றம் இருந்தது. ஒருநாள் வகுப்பில் யாரோ அவன் நாற்காலியை இழுத்தபோது 'நிறுத்து' என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. சொல் அதில் இருந்தது. நான் அதை அவனுக்குக் காட்டியதே இல்லை. கத்தினான், பிடிவாதம் என்று குறிப்பேட்டில் ஏறியது. அந்த வருடம் நான் செலவழித்த மாலைகளை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொல் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் விரல் அதை மனப்பாடம் செய்துகொள்கிறது. கீபோர்டில் பழகியவர்கள் எழுத்தைத் தேடுவதில்லையே, அதைப் போல. பாடத்துக்குப் பாடம் பக்கங்களை மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு தடவையும் தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

வழி இரண்டு: மையச் சொற்கள் மட்டும்

நாம் பேசுவதில் பெரும்பகுதியைச் சில நூறு சொற்களே சுமக்கின்றன. எவ்வளவு என்று கேட்டால் 80 சதவீதம் வரை என்று ஏஏசி துறையில் பொதுவாகச் சொல்வார்கள். வா, போ, வேணும், இல்லை, இன்னும், அது, என்ன, எங்கே போன்றவை. இவற்றைத்தான் மையச் சொற்கள் என்கிறோம். இவை எந்த இடத்துக்கும் எந்தப் பாடத்துக்கும் சொந்தமானவை இல்லை, அதனால் எல்லா இடத்திலும் உதவும். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சேப்பல் ஹில் வளாகத்தில் இருக்கும் எழுத்தறிவு, மாற்றுத்திறன் ஆய்வு மையம், தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கென்று 36 மையச் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பலகைகளாகவே வெளியிட்டிருக்கிறது. 36 சொற்கள் ஒரு தாளில் அடங்கிவிடும். ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், சுவரில் ஒட்டலாம். நாள் முழுக்கக் காட்டலாம் என்பதே இதன் பெரிய பலம்.

ஆனால் 'மட்டும்' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை.

மையச் சொற்களைப் படமாக்குவது கடினம். 'வேறு' என்பதற்கு என்ன படம் போடுவீர்கள்? எதைப் போட்டாலும் அதைப் பார்த்து ஊகிக்க முடியாது, மற்றவர்கள் பயன்படுத்திப் பயன்படுத்தித்தான் புரியும். அப்புறம், பேசும் குழந்தைகளின் முதல் சொற்களைக் கவனித்துப் பாருங்கள். அம்மா, அப்பா, ஒரு விலங்கு, ஒரு பொம்மை, ஒரு சத்தம். பெயர்கள்தான் நிறைய வரும். சின்னக் குழந்தைகளின் பேச்சில் பொதுவாக வரும் சொற்களைத் தொகுத்த 2003ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றை மையச் சொல் பயிற்சிகளில் அடிக்கடி காட்டுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பொருட்பெயர்கூட இல்லை. அது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம், எல்லாக் குழந்தைகளும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது. ஒருத்திக்கு நாய், ஒருவனுக்கு ரயில். பொதுவானதை மட்டும் எடுத்தால் நாயும் ரயிலும் உதிர்ந்துவிடுகின்றன. ஏற்கெனவே பேசத் தெரிந்த குழந்தைகளின் சொல் எண்ணிக்கையை, மொழியைத் தொடங்கும் குழந்தைக்கான பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ளலாமா என்று எமிலி லாப்ஷரும் ஜானிஸ் லைட்டும் 2020இல் எழுதிய மீளாய்வு கேட்டது. அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது.

வகுப்பிலும் ஒரு சங்கடம். எல்லோரும் மேகத்தைப் பற்றிப் பேசும்போது அவள் மட்டும் 'அது' என்று சுட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

வழி மூன்று: மையச் சொற்களைக் கொண்டு பாடத்தை விவரிப்பது

இதைத்தான் நான் அடித்தளமாக எடுத்துக்கொள்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வகுப்பில் நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு சொல்லைப் பிடுங்கும் கேள்விகள். "நீர் சூடாகி மேலே செல்வதற்கு என்ன பெயர்?" ஆவியாதல். அந்தச் சொல் பட்டனாக இருந்தால் பதில் வரும், இல்லாவிட்டால் வராது. பதில் வந்தாலும் புரிந்து வந்ததா, அந்தப் பக்கத்தில் இருந்த படத்தைத் தொட்டாளா என்று தெரியாது. இதையே திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: "தண்ணீருக்கு என்ன ஆச்சு?" இப்போது 'மேலே போ' என்றும் சொல்லலாம், 'சூடு' என்றும் சொல்லலாம், 'இல்லை' என்றும் சொல்லலாம். எல்லாமே சரியான பதில். ஒவ்வொன்றும் அவள் எதைக் கவனித்தாள் என்று வேறு காட்டிக்கொடுக்கும்.

மாடலிங்கும் அதற்கேற்ப மாறும். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது. ஆசிரியர் "பாருங்க, தண்ணி சூடாச்சு, இப்போ மேலே போகுது" என்று சொல்லிக்கொண்டே 'சூடு', 'மேலே', 'போ' மூன்றையும் தொடுகிறார். மூடியில் துளி சேர்கிறது. "இங்கே வந்து குளிர்ந்துடுச்சு, திரும்பத் தண்ணியா மாறிடுச்சு" என்று 'இங்கே', 'திரும்ப', 'மாறு'. துளி விழுகிறது. 'கீழே', 'வா'. ஆவியாதல், சுருங்குதல், பொழிவு மூன்றும் முடிந்துவிட்டன. தொட்ட ஒரு சொல்கூட நீர்ச் சுழற்சிக்கு மட்டுமான சொல் இல்லை. மதியம் படிக்கட்டில் 'மேலே' வரும். வீட்டுக்குக் கிளம்பும்போது 'போ' வரும். சட்டை நனைந்தால் 'மாறு' வரும். ஒரு தடவை காட்டியது நாள் முழுக்க வட்டி தருகிறது.

ஆசிரியர் இதற்குத் தயாராக வேண்டும், அதை மறைக்கக் கூடாது. எந்தப் பாடச் சொல்லையும் இரண்டு மூன்று எளிய சொற்களாக உடைப்பது முதலில் கைவராது. எரிமலை என்றால் 'உள்ளே', 'சூடு', 'வெளியே', 'வா'. குடியேற்றம் என்றால் 'இங்கே இல்லை', 'வேறே', 'போ', 'இரு'. ஒரு பாடத்துக்கு 20 நிமிடம் ஆகலாம். பட்டன் செய்ய ஆகும் நேரத்தைவிட அதிகம் இல்லை, சில வாரங்களில் வாயிலேயே வந்துவிடும். இதில் எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று: பேசும் பிள்ளைகளுக்கும் பாடம் இன்னும் நன்றாகப் புரிந்தது. சொல்லை மனப்பாடம் செய்தவர்கள் பலர் அதை விவரிக்கத் தெரியாமல் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

எல்லை எங்கே? துல்லியம் தேவைப்படும் இடத்தில். 'மேலே போ' என்பது பறவைக்கும் பொருந்தும். மேல் வகுப்புகளில், குறிப்பாகக் கணக்கில், சொல்லே பாடமாக இருக்கும். வகுத்தல், விகிதம், செங்கோணம் போன்றவற்றைச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இன்னொரு ஆபத்து மனநிலை சார்ந்தது. "இவளுக்கு எளிய சொற்கள் போதும்" என்ற நினைப்பு மெல்ல நுழைந்துவிடும். 1984இல் ஆன் டானலன் எழுதிய ஒரு கொள்கை எனக்கு இங்கே துணை. உறுதியான தகவல் இல்லாதபோது, தவறாகப் போனாலும் பிள்ளைக்குக் குறைந்த கேடு தரும் அனுமானத்தையே எடுக்க வேண்டும். அவளுக்குப் புரியும் என்று நினைத்துக் கடினச் சொல்லைக் காட்டி, அவளுக்குப் புரியாமல் போனால் பெரிய இழப்பில்லை. புரியாது என்று முடிவு செய்து காட்டாமலே விட்டால், இழப்பு அவளுடையது.

வழி என்று எண்ணக்கூடாதது

அவளுடைய சொந்தச் சொற்கள். தோழியின் பெயர், தம்பியின் பட்டப்பெயர், பிடித்த பாட்டு, பயப்படும் பூச்சி, கிண்டல் செய்யப் பயன்படும் ஒரு சொல். இவற்றை மற்ற வழிகளோடு தட்டில் வைத்து ஒப்பிடவே கூடாது. எந்த வழியை எடுத்தாலும் இவை இருக்க வேண்டும். மனிதர்கள் தொடர்புகொள்வதற்கான காரணங்களை ஜானிஸ் லைட் 1988இல் நான்காகப் பிரித்தார்: தேவையைச் சொல்வது, தகவல் பகிர்வது, நெருக்கம் காட்டுவது, மரியாதைக்குப் பேசுவது. வகுப்பறை இரண்டாவதை மட்டுமே பார்க்கிறது. வீடு பல நேரம் முதலாவதோடு நின்றுவிடுகிறது. நெருக்கத்துக்கான சொற்களை யாரும் தொட்டுக் காட்டுவதில்லை.

அப்படியானால் அந்த மாலையில் என்ன செய்வது

9 சொற்களில் இரண்டை எடுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். எந்த இரண்டு? பாடம் முடிந்தாலும் உயிரோடு இருக்கும் இரண்டு. 'மேகம்' தினமும் தலைக்கு மேல் இருக்கிறது, சேருங்கள். 'ஆவி' சமையலறையிலும் குளியலறையிலும் வரும், சேருங்கள். நிலத்தடி நீரை விடுங்கள். கற்பிக்க வேண்டிய சொற்களை இசபெல் பெக்கும் அவருடைய சகாக்களும் மூன்று அடுக்குகளாகப் பிரித்தது இங்கே உதவும். முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள். மூன்றாவது, ஒரு துறைக்கு மட்டுமான சொற்கள். நடு அடுக்கில் இருப்பவைதான் பள்ளியில் பாடம் கடந்து திரும்பத் திரும்ப வருபவை: மாற்றம், காரணம், ஒப்பிடு, அளவு, ஒரேமாதிரி. ஏஏசி மாணவர்களின் பலகையில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த நடு அடுக்கு. ஒரு புதுப் பட்டனுக்குத்தான் இடம் உண்டு என்றால் நான் 'காரணம்' என்ற சொல்லைச் சேர்ப்பேன். அறிவியலில் வரும், வரலாற்றில் வரும், சண்டையில் யார் முதலில் அடித்தார்கள் என்று விளக்கும்போதும் வரும்.

மீதிப் பாடச் சொற்களுக்கு ஒரு தாள் போதும். நீளமாக வெட்டிய அட்டையில் 6, 7 படங்களோடு சொற்களை எழுதிப் பலகையின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பாடம் முடிந்ததும் கழற்றிவிடலாம். டேப்லெட்டின் அடுக்கு குலையாது, விரலின் பழக்கமும் கெடாது. கூடவே எழுத்துப் பலகை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முழுச் சொல் எழுதத் தெரியாவிட்டாலும் முதல் எழுத்தைத் தொட்டால் பாதி வழி வந்துவிடலாம். படிக்கத் தெரிந்த மாணவருக்கு எந்தப் பட்டியலையும்விட எழுத்துகள்தான் பெரிய சொல்வளம், அவருக்கு எழுத்தைத் தொட்டும் மாடலிங் செய்ய வேண்டும்.

இந்தப் பங்கீடு எல்லோருக்கும் ஒன்றல்ல. இப்போதுதான் தொடங்கும் பிள்ளைக்குச் சொந்தச் சொற்களும் பெயர்களும் அதிகம், மையச் சொற்கள் பத்துப் பன்னிரண்டு, பாடச் சொல் ஒன்றிரண்டு போதும். இரண்டு மூன்று சொற்களைச் சேர்க்கத் தொடங்கியவருக்கு விவரிக்கும் முறை பெரிய பாய்ச்சலைத் தரும். மேல் வகுப்பில் படிப்பவருக்குப் பாடச் சொற்களின் பங்கு கூடும், தேர்வு எழுத வேண்டுமே.

எத்தனை சொல்லைத் தொடுவது என்பதும் இதோடு ஒட்டியதுதான். அவர் இப்போது ஒரு சொல் தொடுகிறார் என்றால் நாம் இரண்டு, அவர் இரண்டு என்றால் நாம் மூன்று. வாயால் முழு வாக்கியம், விரலால் அவரைவிட ஒரு படி மேலே. கேத்தி பிங்கரும் ஜானிஸ் லைட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைச் சொல்லோடு நின்ற 5 சின்னப் பிள்ளைகளுக்குச் சொற்களைச் சேர்த்துத் தொட்டுக் காட்டியபோது, 4 பேர் தாங்களும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். எல்லாச் சொல்லையும் தொட முயன்று மூச்சு வாங்கிப் பாதியில் விட்டுவிடும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் இரண்டு சொல் தொட்டால் போதும்.

கேள்வியாகவே கேட்டுக்கொண்டும் இருக்காதீர்கள். மேலே சொன்ன தென்னாப்பிரிக்க ஆய்வில் பெரியவர் பேசியதில் கேள்விகள் ஐந்தில் ஒரு பங்கு, மீதி எல்லாம் சாதாரணக் கூற்றுகள் என்று அமைத்தார்கள். நம் வகுப்பறைகளில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். தொட்டுக் காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி நமக்குத்தான் நீளம், பட்டனைத் தேடும் பிள்ளைக்கு இல்லை.

தமிழில் செய்யும்போது

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். ஆனால் மையச் சொல் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்ப் பலகை செய்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் வேலை செய்பவர்கள் யோசித்தே ஆக வேண்டும். ஆங்கிலப் பட்டியலில் தனிச் சொல்லாக இருக்கும் பல, தமிழில் வேற்றுமை உருபாக ஒட்டிக்கொள்ளும், அல்லது தேவையே இருக்காது. மறுபக்கம், தமிழுக்கு இன்றியமையாத சில அந்தப் பட்டியலில் இருக்காது.

முக்கியமானது 'எனக்கு'. 'நான்' மட்டும் இருக்கும் பலகையில் பிள்ளை 'நான் வேணும்' என்றுதான் சொல்ல முடியும். பொருளே மாறிவிடுகிறது. வேணும், பிடிக்கும், தெரியும், பசிக்குது, வலிக்குது எல்லாவற்றுக்கும் 'எனக்கு'தான் துணை. அதற்குத் தனிப் பட்டன் இருக்க வேண்டும், அதைத் தினமும் தொட்டுக் காட்ட வேண்டும்.

மறுப்பும் அப்படித்தான். ஒரே ஒரு 'இல்லை' எல்லாவற்றுக்கும் போதாது. வேணும் என்றால் வேண்டாம், தெரியும் என்றால் தெரியாது, முடியும் என்றால் முடியாது, இருக்கு என்றால் இல்லை. இவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் இணையாக வைத்து, இரண்டையும் காட்டுங்கள். 'தெரியாது' என்று சொல்லும் உரிமை வகுப்பறையில் மிகப் பெரியது. பதில் தெரியாத பிள்ளை வேறு வழியில்லாமல் ஏதோ ஒரு பட்டனைத் தொடும், நாம் அதைத் தவறான பதில் என்று குறித்துக்கொள்வோம்.

தமிழ் நமக்குத் தரும் ஒரு வசதியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இது, அது, எது. இங்கே, அங்கே, எங்கே. இப்படி, அப்படி, எப்படி. இப்போ, அப்போ, எப்போ. இவற்றை நான்கு வரிசையாக அடுக்கினால் அருகில் இருப்பது ஒரு பத்தி, தூரத்தில் இருப்பது ஒரு பத்தி, கேள்வி ஒரு பத்தி. ஒரு வரிசை பழகியவர் அடுத்த வரிசையை ஊகித்துவிடுவார்.

வினைச்சொல்லில்தான் மனம் அதிகம் புண்படுகிறது. தமிழில் வினையின் வேர் அப்படியே கட்டளை. பட்டனில் 'வா' என்று வைத்தால் டேப்லெட்டின் குரல் ஆசிரியரைப் பார்த்து "வா" என்கிறது. கேட்கும் பெரியவருக்கு முகம் சுருங்குகிறது. பிள்ளை சொல்ல நினைத்தது 'வாங்க' என்றோ, 'நான் வரேன்' என்றோ, 'அவள் வந்தாள்' என்றோ இருக்கலாம். இதற்கு நான் செய்வது, பெரியவர்களிடம் அடிக்கடி சொல்ல வேண்டிய நாலைந்து வினைகளுக்கு 'வாங்க', 'பாருங்க', 'தாங்க', 'நிறுத்துங்க' என்று மரியாதை வடிவத்தைத் தனியாக வைப்பது. மற்றவற்றில் வேர்ச்சொல்லே இருக்கட்டும், ஆனால் அவள் 'வா' என்று தொட்டால் திருத்தாதீர்கள். "நான் வரணுமா? இதோ வரேன்" என்று சொல்லி 'நான்', 'வா' என்று தொட்டுக் காட்டிவிட்டு எழுந்து போங்கள். அவள் அழைத்தாள், நாம் வந்தோம். மரியாதை வடிவத்தை நாம் ஒருவரை ஒருவர் அழைக்கும்போது தொட்டுக் காட்டிக் காட்டித்தான் பழக்க வேண்டும்.

பேச்சு வடிவமா, எழுத்து வடிவமா என்ற விவாதத்தில் என் நிலை எளிது. குரலில் 'வேணும்', எழுத்தில் 'வேண்டும்'. செயலி அனுமதித்தால் பட்டனின் மேல் எழுத்து வடிவத்தையும் ஒலியில் பேச்சு வடிவத்தையும் வைக்கலாம். விளையாட்டு மைதானத்தில் "எனக்கு வேண்டும்" என்று ஒலிக்கும் பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

நீர்ச் சுழற்சி வாரத்தின் கடைசி நாளில் ஒரு தாளை எடுத்து, யாரும் கேட்காமலே அவள் தானாகத் தொட்ட சொற்களை எழுதுங்கள். எங்கே, யாரிடம் என்பதையும் சேர்த்து. அறிவியல் வகுப்புக்கு வெளியே எங்காவது 'மேலே' வந்திருந்தால், 'மாறு' வந்திருந்தால், விவரிக்கும் முறையை அடுத்த பாடத்துக்கும் எடுத்துச் செல்லலாம். ஒன்றுமே வரவில்லை என்றால் அவளைச் சந்தேகிக்காதீர்கள். அந்த வாரம் எத்தனை பேர், எத்தனை தடவை தொட்டுக் காட்டினோம் என்பதை முதலில் எண்ணுங்கள். பல தடவை அந்த எண்ணைப் பார்த்து நான் அதிர்ந்திருக்கிறேன். பாடச் சொல் அட்டையைக் கழற்றிவிடலாம். 'மேகம்' பட்டனை மட்டும் அப்படியே விடுங்கள், இடத்தை மாற்ற வேண்டாம். அடுத்த மழைக்கு அவளுக்கு அது வேண்டியிருக்கும்.